ஆளுக்கொரு வரிசையாகப் படித்த புத்தகம்

கரும்பு வெட்டப் போகிற இடத்தில் இந்தத் தடவை ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்துவிடுவது என்று வெங்கம்பட்டு கொளஞ்சி முடிவு செய்தான். அவனாகவேதான் முடிவு செய்தான். அவன் கட்டிக்கொள்ள இருந்த மாமன் மகள் காசாம்பு புத்தகப் பைத்தியம். "படிச்சு முடிச்சு வந்து கதை சொல்லு, வைகாசியில கல்யாணம். இல்லன்னா அடுத்த வெட்டு முடியட்டும் மாமா" என்று ஒரு கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாள்.

கூடப் போனவர்கள் அய்யாக்கண்ணு, தொப்பளான், மண்ணாங்கட்டி. நாலு பேருக்கும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். அதுதான் வினையாகப் போயிற்று.

போன அன்றே மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: எந்த வேலையானாலும் ஆளுக்கொரு வரிசை பிடித்துச் செய்ய வேண்டும், ஒருத்தன் வரிசையில் இன்னொருத்தன் கை வைக்கக் கூடாது.

சாயங்காலம் கொளஞ்சி புத்தகத்தைப் பிரித்ததும் மற்ற மூவரும் பதறிப்போனார்கள். தனியாகவா? மேஸ்திரி பார்த்தால் என்ன ஆவது? ஆகவே முதல் வரி கொளஞ்சிக்கு, இரண்டாவது அய்யாக்கண்ணுவுக்கு, மூன்றாவது தொப்பளானுக்கு, நாலாவது மண்ணாங்கட்டிக்கு, ஐந்தாவது மறுபடி கொளஞ்சிக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அடுத்தவன் வரி கண்ணில் படாமலிருக்கக் காய்ந்த கரும்பு இலையான சோகையை வைத்து மறைத்து, வாய்க்குள்ளேயே படித்தார்கள்.

ஒரே பக்கத்தில் அய்யாக்கண்ணு அழுவான், தொப்பளான் சிரிப்பான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்தவன் வரிசையில் கை வைத்ததாகிவிடும்.

நடுவில் ஒரு தகராறு. பத்தி முடிகிற வரி பாதியிலேயே நின்றுவிடும் அல்லவா? அதெல்லாம் மண்ணாங்கட்டிக்கே விழுந்தது.

"எங்களுக்கு முழு வரி, உனக்கு மட்டும் ரெண்டு வார்த்தையாடா?" என்றான் தொப்பளான்.

"வரிசையை நட்டவனைப் போய்க் கேளு" என்றான் மண்ணாங்கட்டி.

நியாயம்தான் என்று விட்டுவிட்டார்கள்.

வெட்டு முடிந்தது, புத்தகமும் முடிந்தது. ஊருக்கு வந்த கொளஞ்சி காசாம்பு முன்னால் உட்கார்ந்து கதை சொன்னான். பரிசலில் ஒருத்தி ஏறினாள், யாரோ மாட்டை விற்றார்கள், விளக்கு அணைந்தது.

"பரிசல்ல ஏறினவ என்ன ஆனா?"

"அது அய்யாக்கண்ணு வரிசை."

காசாம்பு சிரிப்பை அடக்கிக்கொண்டு மற்றவர்களையும் வரச்சொன்னாள். நால்வரும் புத்தகத்தைப் பிரித்து, ஆளுக்கொரு வரியாக வாய்விட்டுப் படித்தார்கள். கதை முழுதாக வந்தது. தான் அழுதது திருடனுக்காக என்று அய்யாக்கண்ணுவுக்கு அப்போதுதான் தெரிந்தது. கொளஞ்சியே இரண்டு இடத்தில் "அட, அப்படியா" என்றான்.

"சரி, முடிச்சாச்சு. வைகாசியிலயே வச்சுக்கலாம்" என்றாள் காசாம்பு.

எங்கள் பக்கம் தாலியில் மூன்று முடிச்சையும் மாப்பிள்ளையே போடுவது வழக்கம். கொளஞ்சி ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு நகர்ந்து நின்று, "அய்யாக்கண்ணு, உன் வரிசைடா" என்றான். அய்யாக்கண்ணு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தான்.

காசாம்பு குனிந்த தலை நிமிராமல் கொளஞ்சியின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "மாமா, இதுல எல்லா வரிசையும் உன்னுதுதான்."

கொளஞ்சி மீதி இரண்டையும் தானே போட்டான்.

மூவரும் பந்தலுக்கு வெளியே போய் வெகுநேரம் யோசனை செய்தார்கள். நாலு பேர் வேலையை ஒருத்தனே செய்திருக்கிறான். கூலியும் அவனுக்குத்தான் சேர வேண்டும். ஆகவே தங்கள் மூன்று இலைச் சாப்பாட்டையும் மாப்பிள்ளை இலையிலேயே பரிமாறச் சொல்லிவிட்டு, பசியோடு வீட்டுக்குப் போனார்கள்.