விலைக்கு வந்த காக்கி

வாக்குக் கொடுப்பது சுலபம், ஐயா. கொடுத்த வாக்கின் ஒரு பாதி மறுபாதியின் கழுத்தை நெரித்தால் என்ன செய்வது? நாகர்கோவிலில் மூன்று பேருக்கு அந்தக் கதி வந்தது. கதையைக் கேட்டுவிட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

மூவரும் கைப்பேசியில் 'எல்லைக்காடு' என்றொரு துப்பாக்கிச் சண்டை ஆடுகிறவர்கள். மெர்லின் நர்சிங் படிக்கிறவள். சுயம்பு அணித்தலைவன்; தன் ஆட்டத்தை நேரலையில் காட்டிப் பேர் வாங்கத் துடிக்கிறவன். ரெஜின் அதிகம் பேசமாட்டான். கோபம் வந்தால் எழுந்து போய்விடுவான்.

அந்த ஆட்டத்தில் சேரும் எவருக்கும் ஒரு காக்கிச் சட்டை இலவசம். பளபளக்கும் மற்ற உடுப்புகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வாங்கிப் போட்டால் குண்டு துளைக்காதா? துளைக்கும். ஓட்டம் கூடுமா? கூடாது. வெறும் பகட்டு. ஆனாலும் ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் வந்து நிற்கிற கூடத்தில் முதலில் கண்ணில் படுவது உடுப்புதானே! மெர்லின் ரீசார்ஜ் போடவே அண்ணனிடம் கெஞ்சுகிறவள், உடுப்புக்கு எங்கே போவாள்? "லேய், ஓசிச் சட்டை வந்துட்டு, வெளிய தள்ளு" என்று அணி அணியாக அவளை விரட்டினார்கள். அவள் குறி தப்பாதவள் என்பதை எவனும் கவனிக்கவில்லை.

சுயம்புதான் சேர்த்துக்கொண்டான். அவனும் ரெஜினும் முன்பு வாங்கிய பகட்டு உடுப்புகளைக் கழற்றிவிட்டுக் காக்கிக்கு மாறினார்கள். "காசு குடுத்து உடுப்பு வாங்க மாட்டோம். இந்தக் காக்கிய களத்தவும் மாட்டோம். இனி உன்னைய எவனாவது தள்ளினா மூணு பேரையும் சேத்துத் தள்ளட்டும், மக்கா" என்றான் சுயம்பு. பகலெல்லாம் வார்டில் ஏச்சு வாங்குகிற மெர்லினுக்கு, 'நீ இருந்தா ஜெயிச்சுரலாம்' என்று இரண்டு பேர் சொல்லும் இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

ஜெயித்தார்கள், ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள். நேரலைக்குக் கூட்டம் சேர்ந்தது. 'காக்கிப் படை' என்று பேரும் வைத்தது. நேற்றுவரை இளித்தவர்களே தங்க அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டுக் காக்கிக்கு வந்தார்கள். உடுப்புக் கடை ஈயோட்டியது.

கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? அடுத்த அப்டேட்டைப் போட்டவர்கள் எல்லோருடைய காக்கியையும் உருவிக்கொண்டான். போடாதவர்கள் ஆட முடியாது. அதே சட்டை, அதே பட்டன், 'காக்கிப் படை' என்ற பேரோடு கடையில் விலைக்கு வந்தது! காசில்லாதவர்களுக்கு ஒரு மஞ்சள் பனியனை விட்டெறிந்தான்.

ரெஜின் அப்டேட் போடவே இல்லை. போட்ட காக்கியோடு ஆட்டத்தையே கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டான்.

சுயம்பு அன்றைக்கே காக்கியை வாங்கினான். "களத்த மாட்டோம்னுதான சொன்னோம்? பாக்க வாறவன் காக்கியத்தான் தேடுவான். உனக்கும் நானே வாங்கித் தாறேன்" என்றான்.

"வாங்க மாட்டோம்னும்தான் சொன்னோம். நீ வாங்கித் தந்தா அது வாங்கினது இல்லியா?" என்று மறுத்துவிட்டு, மெர்லின் மஞ்சள் பனியனோடு வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

நேரலை பார்த்தவர்கள் குதித்தார்கள். 'காக்கிப் படையில மஞ்சப் பனியனுக்கு என்ன சோலி?' என்று எழுதித் தள்ளினார்கள். சுயம்பு அதையெல்லாம் படித்தான். பிறகு, "இன்னைக்கு மட்டும் ஒதுங்கிக்கோ மக்கா, நாலு பேரு பாக்கான்" என்றான். அவள் அசையவில்லை. அவனே அவளை அணியிலிருந்து தள்ளினான்.

மெர்லின் ரெஜினைப் போனில் கூப்பிட்டாள். "நீயும் அழிச்சிரு. அவன் மொகத்துலயே முழிக்காண்டாம்" என்றான் அவன்.

"நான் ஏன் போணும்? எனக்கு ஆடணும், ரெஜின். நீ வந்தா ரெண்டு பேரும் ஆடலாம்."

அவன் வரவில்லை. அவள் போர்வைக்குள் முகத்தை வைத்து அழுதாள்.

சுயம்பு காசு கொடுத்து வாங்கினான். ஆனால் காக்கியை விடவில்லை. ரெஜின் வாங்கவும் இல்லை, காக்கியைக் கழற்றவும் இல்லை, ஆட்டத்தை விட்டான். மெர்லின் வாங்கவில்லை, ஆனால் மஞ்சளுக்கு மாறினாள். இந்த மூவரில் வாக்கைக் காப்பாற்றியது யார்?

விடை: மெர்லின். சொன்ன சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் ரெஜின் என்றுதான் தோன்றும். ஆனால் அவர்கள் வாக்குக் கொடுத்தது ஒரு நிறத்துக்கா? காசில்லாதவருக்கு எந்த உடுப்போ அதுவே நமக்கும் என்பதற்குத்தானே! அந்த உடுப்பு இப்போது மஞ்சள் பனியன். அதைப் போட்டு நின்றவள் அவள் ஒருத்திதான். ரெஜின் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு அவளை நட்டாற்றில் விட்டான். சுயம்பு விலை கொடுத்த அந்த நிமிஷமே காக்கியைக் கழற்றிவிட்டான், உடம்பில் அது இருந்தும். சரி, நியாயம் அவள் பக்கம் இருந்து அவளுக்கு என்ன லாபம்? சுயம்புவின் அணியில் வேறு இரண்டு பேர் காக்கி வாங்கிச் சேர்ந்துவிட்டார்கள். கூட்டமும் முன்னைவிடப் பெருகிவிட்டது. சுயம்புதான் சரி என்று நீங்கள் சொல்லியிருந்தால் வெட்கப்பட வேண்டாம், ஐயா. கேட்டவர்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் சொல்கிறார்கள்; அந்தக் கடையும் அதனால்தான் ஓடுகிறது.