மான்களுக்காக வைத்திருந்த இடம்

ஒரு சின்னத் தீவில் கழுதை, வெள்ளாடு, முயல், உடும்பு என்று நான்கு குடும்பங்கள் வாழ்ந்துவந்தன. தீவின் நடுவில் ஒரு மணல்மேடு இருந்தது. ஐப்பசி மாதம் கடல் பொங்கினால் தீவு முழுவதும் தண்ணீருக்குள் போய்விடும். மேடு மட்டும் வெளியே தெரியும். அப்போது எல்லா விலங்குகளும் குட்டிகளை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறிவிடும்.

மேட்டின் மேல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் அந்தக் குடும்பத்தின் கல் இருக்கும். புதிதாக ஒருவர் கல் வைக்க வேண்டுமானால் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். அது தீவின் வழக்கம்.

ஓர் ஆடி மாதம், எதிர்க்கரையில் ஆற்றில் வெள்ளம் வந்தது. ஆற்றோரப் பொந்தில் இருந்த முள்ளம்பன்றிக் குடும்பம் ஒன்றை அது கடலுக்கே அடித்துக்கொண்டு போனது. அப்பா இசக்கி, அம்மா பொன்னுத்தாய், ஒரு மகன், ஒரு சின்ன மகள். நால்வரும் ஒரு பனங்கட்டையைப் பற்றிக்கொண்டு இந்தத் தீவில் வந்து ஒதுங்கினார்கள்.

தீவு விலங்குகள் அவர்களை விரட்டவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"ஐயோ பாவம், நனைஞ்சு வந்திருக்காங்க" என்றது வெள்ளாடு.

"எங்க வேணா பொந்து தோண்டிக்கோங்க" என்றது உடும்பு.

"ஒருநாள் எங்க பக்கம் வாங்க" என்றது முயல். எந்த நாள் என்று சொல்லவில்லை.

கழுதைதான் தீவில் மூத்தது. அது மட்டும் கொஞ்சம் யோசித்தது. "எல்லாம் சரிப்பா. அந்த முள்ளைக் கொஞ்சம் மடக்கி வச்சுக்கங்க. குட்டிங்க நடமாடுற இடம், பாருங்க."

இசக்கி உடனே முள்ளை மடக்கினான். மனைவியையும் மடக்கச் சொன்னான். முள்ளம்பன்றிக்கு முள்ளை மடக்கியே வைத்திருப்பது சுலபமில்லை. நாள் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு நடப்பது போன்றது அது. ஆனாலும் மடக்கினார்கள். தூங்கும்போதும் மடக்கினார்கள்.

தீவில் நல்ல தண்ணீர் ஊற்று ஒன்றுதான் இருந்தது. அது மணல் மூடித் தூர்ந்து கிடந்தது. இசக்கியும் பொன்னுத்தாயும் நகம் தேயத் தேய அதைத் தோண்டித் திறந்தார்கள். எல்லோரும் வந்து வயிறு நிறையக் குடித்தார்கள்.

"இனி நீங்க நம்ம ஆளுங்க" என்றது கழுதை, வாயில் தண்ணீர் ஒழுக.

இசக்கிக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போனது. கடற்கரையிலிருந்து அழகான உருண்டைக் கல் ஒன்றை உருட்டி வந்து பொந்து வாசலில் வைத்தான். மேட்டில் வைப்பதற்கான கல்.

"இந்த ஐப்பசிக்குள்ள கூப்பிட்டுருவாங்க" என்றான்.

யாரும் கூப்பிடவில்லை. ஐப்பசி வந்தது. அந்த வருஷம் கடல் அவ்வளவாகப் பொங்கவில்லை. இருந்தாலும் தாழ்வான இடமெல்லாம் முங்கியது. நான்கு குடும்பங்களும் மேட்டில் ஏறித் தங்கள் தங்கள் கல்லருகே உட்கார்ந்துகொண்டன. முள்ளம்பன்றிகள் மேட்டின் அடிவாரத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். ஏறி வராதே என்று ஒருவரும் சொல்லவில்லை. ஏறி வா என்றும் சொல்லவில்லை. எல்லோரும் தங்கள் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று ஓர் அலை வந்து சின்ன மகளை இழுத்துக்கொண்டு போனது. இசக்கி பாய்ந்து நீந்தி அவளைப் பல்லால் கவ்வி இழுத்து வந்தான். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து அலைச் சத்தம் கொஞ்சம் பெரிதாகக் கேட்டாலே அவள் உடம்பு நடுங்கும். தீவில் அலைச் சத்தம் கேட்காத நாள் ஏது?

தண்ணீர் வடிந்தது. அடுத்த ஐப்பசி பெரிய ஐப்பசியாக இருக்கும் என்று மீன்கொத்திகள் பேசிக்கொண்டன. அடிவாரத்தில் நிற்பவர் பிழைக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இசக்கி வெள்ளாட்டிடம் போனான்.

"ஆட்டக்கா, மேட்டுல ஒரு ஓரமா ஒரு கல் வச்சுக்கலாமான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"தாராளமா வைப்பா! எனக்கு என்ன வந்துச்சு? பெரியவர்தான் என்ன சொல்வாரோ. அவரைக் கேட்டுக்கோ."

இசக்கி கழுதையிடம் போனான். கழுதை ஊற்றில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. குடித்து முடிக்கும்வரை காத்து நின்றான்.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. நீ தங்கமான பிள்ளை" என்றது கழுதை. "முயலுக்குத்தான் பொடிக் குட்டிங்க ஜாஸ்தி. உங்க முள்ளு குத்திரும்னு அதுக்குப் பயம் இருக்குமோ என்னமோ."

இசக்கி முயலிடம் போனான்.

"நாங்க அப்படியெல்லாம் பாக்குறவங்க இல்லை, தம்பி" என்றது முயல். "உடும்பு அண்ணாச்சிதான் கொஞ்சம் கறார். அவர் சரின்னுட்டா எங்களுக்கும் சரி."

இசக்கி உடும்பிடம் போனான். உடும்பு வெயிலில் படுத்திருந்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

"நான் கறாரா? யார் சொன்னது? எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லைடே. அந்த வெள்ளாட்டுகிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ. அவ மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

இசக்கி மறுபடியும் வெள்ளாட்டிடம் போனான். மறுபடியும் கழுதையிடம். வைகாசி போனது, ஆடி போனது, புரட்டாசியும் போனது. கல் பொந்து வாசலிலேயே கிடந்தது. அதன் மேல் பாசி பிடித்தது.

"நல்லபடியாத்தான் பேசுறாங்க" என்றான் இசக்கி. "ஒருத்தர்கூட முடியாதுன்னு சொல்லலை."

"சொன்னாத் தேவலையே" என்றாள் பொன்னுத்தாய். "முடியாதுன்னு ஒருத்தர் சொன்னா அவர்கிட்ட நேரா நின்னு ஏன்னு கேக்கலாம். இவங்க வாய் நிறையச் சிரிக்கிறாங்க. நாம யார்கிட்டப் போய்ச் சண்டை போடுறது?"

"சண்டையா? சத்தம் போட்டுப் பேசாதே. வந்த இடத்துல கோபப்பட்டா இருக்கிறதும் போயிரும்."

"என்ன இருக்கு, போறதுக்கு? ஊத்தைத் தோண்டினோம், குடிக்கிறாங்க. முள்ளை மடக்குன்னாங்க, முதுகெல்லாம் வலிக்க மடக்கிட்டு நடக்குறோம். ஒருநாள் வாங்கன்னாங்க. அந்த ஒருநாள் இன்னும் வரலை. உன் மக நடுங்குறதைப் பாரு. அவளுக்கு என்ன பதில் சொல்லப் போற?"

இசக்கி வாசலில் கிடந்த கல்லின் பாசியைத் துடைத்தான். அவன் கெட்டவன் இல்லை. நல்ல பெயர் எடுத்தால் போதும், இடம் தானாகக் கிடைத்துவிடும் என்று நம்பியவன். அவ்வளவுதான்.

ஐப்பசி பிறந்தது. ஒருநாள் மத்தியானமே வானம் கறுத்தது. காற்று திசை மாறியது. கடல் கரையைத் தாண்டி உள்ளே வந்தது. நான்கு குடும்பங்களும் அவசரம் அவசரமாக மேட்டில் ஏறின.

பொன்னுத்தாய் பொந்து வாசலில் கிடந்த கல்லை உருட்டத் தொடங்கினாள்.

"என்ன பண்ற? இன்னும் அவங்க சொல்லலையே!" என்றான் இசக்கி.

"நீ பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் பின்னால வா."

அவள் முட்டி முட்டிக் கல்லை மேட்டின் உச்சிக்கே கொண்டுவந்து நிறுத்தினாள். மேல்மூச்சு வாங்கியது. நான்கு குடும்பங்களும் அவளையே பார்த்தன.

"எல்லாரும் ஒண்ணா இருக்கீங்க. அதனால ஒரே தடவை கேக்குறேன்" என்றாள். "ஆட்டக்கா, நாங்க கல் வைக்கிறதுல உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

"எனக்கு என்னம்மா இருக்கு? பெரியவர்தான்..."

"பெரியவர் உங்க பக்கத்துலதான் நிக்கிறார். பெரியவரே, நீங்க சொல்லுங்க."

கழுதை காதை ஆட்டியது. "நான் எப்பவும் சொல்றதுதாம்மா, எனக்கு ஒண்ணும் இல்லை. முயல்தான்..."

"நானா?" என்றது முயல். "நான் எப்போ சொன்னேன்? உடும்பு அண்ணாச்சிக்குப் பிடிக்காதுன்னுதான நீங்கல்லாம் பேசிக்கிட்டீங்க?"

"ஏய், வாயை அளந்து பேசு" என்றது உடும்பு. "அந்த வெள்ளாடு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாளேன்னு நான் சும்மா இருந்தேன்."

வெள்ளாடு ஓரடி பின்னால் நகர்ந்தது. "நான் எங்கே மூஞ்சியைத் தூக்கினேன்? பெரியவர் வழக்கம் பேசுவார்னு..."

பேச்சு ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. அதற்கு மேல் போக வழியில்லை. கீழே தண்ணீர் ஏறும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்போ வேண்டாம்னு சொன்னது யாரு?" என்று கேட்டாள் பொன்னுத்தாய். "ஒரு வருஷமா என் புருஷன் வாசல் வாசலா நடந்தானே, அவனை நடக்க வச்சது யாரு? போன ஐப்பசிக்கு என் பிள்ளையை அலை இழுத்துச்சே, அப்போ நாங்க ஏறக் கூடாதுன்னு நினைச்சது யாரு? அவர் முகத்தை எனக்குக் காட்டுங்க. நான் அவர்கிட்டப் பேசிக்கிறேன்."

கடைசியில் உடும்புதான் தொண்டையைச் செருமியது.

"இதெல்லாம் நின்னுக்கிட்டே பேசுற விஷயமாம்மா? தண்ணி வடியட்டும். எல்லாரும் உக்காந்து நிதானமா ஒரு முடிவு எடுப்போம்."

"தண்ணி வடிஞ்ச பிறகு எனக்கு மேடு எதுக்கு?"

உடும்பு தன் கல்லின் பக்கம் திரும்பிக்கொண்டது.

மேட்டின் நடுவில் நல்ல அகலமான ஓர் இடம் வெறுமையாகக் கிடந்தது. பொன்னுத்தாய் அதைக் காட்டினாள்.

"அது யார் இடம்?"

"அது மான்களோட இடம்மா" என்றது கழுதை.

"மான்கள் எங்கே?"

"போயிருச்சுங்க."

"எப்போ?"

"எங்க அப்பா காலத்துக்கும் முன்னாலன்னு கேள்வி. நானே மானைப் பார்த்தது கிடையாது." கழுதை குரலைத் தாழ்த்தியது. "ஆனாலும் ஒருவேளை திரும்பி வந்துச்சுன்னா?"

பொன்னுத்தாய் கழுதையை நெடுநேரம் பார்த்தாள். பார்த்தே இராத மானுக்கு இடம் இருந்தது. கண்முன்னே தண்ணீரில் தத்தளித்த குட்டிக்கு இல்லை. அவளுடைய முதுகில் ஏதோ நெகிழ்ந்தது. ஒரு வருஷத்துக்கும் மேலாக மடக்கி வைத்திருந்த முட்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. சலசலவென்று சத்தம் எழுந்தது. அவள் யாரையும் குத்தப் போகவில்லை. இனி மடக்குவதாக இல்லை, அவ்வளவுதான்.

"மான் வந்தா நான் எந்திரிச்சு இடம் கொடுக்குறேன். அதுங்ககிட்ட நானே பேசிக்கிறேன்" என்றாள்.

கல்லை உருட்டிக்கொண்டுபோய் நடுவில் வைத்தாள். மகனையும் மகளையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். இசக்கி தயங்கித் தயங்கி வந்து ஓரத்தில் உட்கார்ந்தான்.

"இந்தக் கல்லைத் தூக்கி வெளியே போடணும்னு நினைக்கிறவங்க முன்னால வாங்க. ஒருத்தர் வந்தாப் போதும்."

கழுதை வெள்ளாட்டைப் பார்த்தது. வெள்ளாடு முயலைப் பார்த்தது. முயல் உடும்பைப் பார்த்தது. உடும்பு வானத்தைப் பார்த்தது. ஒருவரும் வரவில்லை. ஒரு வருஷம் முள்ளம்பன்றிகளை வெளியே நிறுத்தி வைத்த அதே கோழைத்தனம், இன்று அவர்களை உள்ளே இருக்கவும் விட்டுவிட்டது.

கடல் பொங்கி வந்தது. போன வருஷம் முள்ளம்பன்றிகள் நின்ற இடத்தில் இப்போது ஒரு கழுதை மூழ்கும் ஆழம். சின்ன மகள் அம்மாவின் வயிற்றில் ஒண்டிக்கொண்டு நடுங்கினாள். ஆனால் நனையவில்லை.

காற்று கொஞ்சம் அடங்கியதும் வெள்ளாடு இந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தது.

"நான்தான் அப்பவே சொன்னேனே பொன்னுத்தாயி, எனக்கு ஒண்ணும் இல்லைன்னு."

"நானும்தான் சொன்னேன்" என்றது முயல்.

"முதல்ல சொன்னதே நான்தான்" என்றது கழுதை.

பொன்னுத்தாய் சிரிக்கவில்லை. அப்போது சின்ன மகள் தலையை நீட்டிச் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்:

"அம்மா, போன வருஷமும் இந்த இடம் காலியாத்தான இருந்துச்சு?"

நான்கு குடும்பங்களும் தங்கள் தங்கள் கல்லைக் குனிந்து பார்த்துக்கொண்டன.

"எனக்கு ஒன்றும் இல்லை, மற்றவர்கள்தான்" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்பவரும் இடம் மறுத்தவர்தான்.