ஐந்தாவது கட்டம்

ஒரு நகரத்துக் கருத்தரிப்பு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில், நூலில் கட்டிய நீலப் பேனா ஒன்று இருந்தது. ஊரார் பெயரையெல்லாம் எழுதி எழுதி, பிடிக்கும் கையை வைத்தே ஆளை எடைபோட அது பழகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அதை எடுத்தவள் கயற்கண்ணி. மின்வாரியத்தில் வேலை, மணமாகாதவள். தனக்கென்று ஒரு பிள்ளை வேண்டும் என்று வந்திருந்தாள். சிகிச்சைக்கான வயது வரம்பைத் தாண்ட இன்னும் பதினொரு நாள்தான் இருந்தது. ஆனாலும் பிடி உறுதியாக இருந்தது. பேனாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

விண்ணப்பத்தில் பெயர், வயது, முகவரி, தொழில் எல்லாம் மளமளவென்று ஓடின. ஐந்தாவது கட்டம் வழிமறித்தது.

"கணவர் பெயர்?"

"கிடையாது," என்றது பேனா.

"அப்போ இங்கேயே நில்லு. எனக்குப் பதில் சொல்லாம ஒருத்தரும் தாண்டினதில்ல."

ரப்பர் முத்திரை கொட்டாவி விட்டது. "கட்டம் காலியா இருந்தா நான் இறங்க மாட்டேன்பா. நமக்கெதுக்கு வம்பு?"

பேனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்!

வரவேற்பாளர் ஜெபராணியும் அதையே சொன்னாள். "ஹஸ்பெண்ட் பேரு இல்லாம உள்ளே எடுக்க மாட்டாங்க மேடம்."

"எந்தச் சட்டத்துல இருக்கு? காட்டுங்க," என்றாள் கயற்கண்ணி.

சட்டப் புத்தகம் கம்ப்யூட்டர் திரைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு கிடந்தது.

"அதை எடுத்தா மானிட்டர் ஆடும் மேடம்."

"ஆடட்டும்."

வெளியே வந்த புத்தகம் கட்டத்தை ஏற இறங்கப் பார்த்தது. "வயதைக் கேட்கச் சொன்னேன், சம்மதத்தைக் கேட்கச் சொன்னேன். உன்னை நான் பெறவே இல்லையே! நீ யார் வீட்டுப் பிள்ளை?"

கட்டம் திருதிருவென்று விழித்தது. மூலையிலிருந்த ஜெராக்ஸ் மெஷின்தான் தொண்டையைச் செருமியது. "ஆஸ்பத்திரி திறந்த அவசரத்துல, பழைய ரேஷன் கார்டு விண்ணப்பத்தை என் மேல வெச்சாங்க. தலைப்பை மட்டும் தாள் ஒட்டி மறைச்சாங்க. இது அப்படி வந்ததுதான்."

ஜெபராணி சட்டப் புத்தகத்தின் பக்கத்தை இரண்டு தரம் படித்தாள். "இல்லதான் மேடம்," என்றாள்.

பேனா கட்டத்தின் குறுக்கே நேராக ஒரு கோடு இழுத்தது. முத்திரை மறுபேச்சில்லாமல் இறங்கியது.

"இத்தனை வருஷத்துல எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பே?" என்று கேட்டது பேனா.

"நானா அனுப்பினேன்?" என்றது கட்டம். "நான் கேட்டேன், அவங்களா எழுந்து போயிட்டாங்க. திருப்பி என்னை ஒருத்தரும் கேட்கலையே!"