மீசைக் காவியமும் அறுபது ஜோடி செருப்பும்

முன்னொரு காலத்தில், எதற்குப் பஞ்சம் வந்தாலும் மன்னரின் கவிதைக்கு மட்டும் பஞ்சமே வராத நாடு ஒன்று இருந்தது.

அன்று மன்னர் தம் மீசையைப் பற்றித் தாமே இயற்றிய காவியத்தை வாசித்துக்கொண்டிருந்தார். இருநூறாவது பாட்டு. சபை மொத்தமும் "ஆஹா!" என்றது.

விகடகவி சொக்கேசன் கொட்டாவி விட்டான்.

முப்பது வருஷமாக அடுத்தவரைச் சிரிக்க வைத்த களைப்பு. அடக்கிப் பார்த்தான், முடியவில்லை.

"மகாராஜா!" அமைச்சர் மாசிலாமணியார் துள்ளி எழுந்தார். இதற்காகவே காத்திருந்தவர். "தங்கள் தமிழ் இவனுக்குக் கசக்கிறது!"

மன்னரின் ஓலைச்சுவடி தாழ்ந்தது. "அப்படியா, சொக்கேசா?"

"இங்கே எல்லார் மனசும் என் மனசு மாதிரிதான், மகாராஜா. நான் வாயைத் திறந்துட்டேன். அவ்வளவுதான்."

"அபாண்டம்! விடிய விடியக் கேட்டாலும் அலுக்காது எங்களுக்கு," என்றார் அமைச்சர்.

"அவர்கள் மனம் எங்கே இருக்கிறதென்று இப்போதே காட்டு," என்றார் மன்னர். "தவறினால், பொழுது சாயுமுன் குடும்பத்தோடு எல்லை தாண்டிவிட வேண்டும்."

இந்த வயதில் எந்த ஊருக்குப் போவது? யாரைக் கேட்டாலும் 'ஆஹா' என்றுதானே சொல்வார்கள்? சொக்கேசன் மெல்ல எழுந்தான்.

"வெளியே இருக்கு, மகாராஜா. வாசப்படியில."

எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். அறுபது ஜோடி செருப்பு. கழற்றும்போது முனை அரியணையைப் பார்த்திருக்க வேண்டும் என்பது அந்த நாட்டு மரியாதை. அத்தனையும் திரும்பி, கோட்டை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. அமைச்சருடையது கடைசிப் படியில், பல்லக்குக்கு ஒரு முழம் தள்ளி!

"காவலாளி திருப்பி வைத்திருப்பான்!" என்றார் மாசிலாமணியார்.

"ஐயையோ, நான் தொடவே இல்லீங்க," பதறினான் காவலாளி. "உள்ள போறப்போ எல்லாரும் அவங்கவங்களே கால்விரலால நெம்பித் திருப்பிட்டுத்தான் போறீங்க. தினமும் நடக்கிறதுதானே!"

"என்னோடதும் அப்படித்தான் கிடக்கு," என்றான் சொக்கேசன். "வாய்க்குச் சம்பளம் உண்டு, மகாராஜா. காலுக்கு ஏது?"

மன்னர் முகம் கறுத்தது. வாளுக்குக் கை போயிற்று. அறுபது பேரும் மூச்சை நிறுத்தினார்கள்.

அறுபத்தோராவதாக ஓரத்தில் ஒரு ஜோடி தந்தப் பாதுகை, மன்னருடையது. அதுவும் வாசலைப் பார்த்தே கிடந்தது. சொக்கேசன் அதைப் பார்த்தான். அவன் பார்வை போன இடத்தை மன்னரும் பார்த்தார்.

வாளிலிருந்து கையை எடுத்தார்.

"எனக்கே பத்தாம் பாட்டோடு அலுத்துப்போச்சு, ஓய்," என்றார் தாழ்ந்த குரலில். "நீங்கள் விடாமல் ஆஹா போட்டால் நான் எங்கே நிறுத்துவது?"

சொல்லிவிட்டு, தூண் அதிரச் சிரித்தார். மாசிலாமணியாரை அழைத்து, மீதி எண்ணூறு பாட்டையும் வீட்டிலேயே உட்கார்ந்து படித்துவிட்டு வரச் சொன்னார். பிறகு தம் முத்துமாலையைக் கழற்றிச் சொக்கேசன் கழுத்தில் போட்டார்.

சொக்கேசன் குனிந்து வணங்கவில்லை. தூணில் சாய்ந்து, நின்றபடியே தூங்கிப்போயிருந்தான்.