ஆயிரத்தொன்பதாவது எறும்பு

அந்தக் காலத்தில் எறும்புகளுக்கு எண்ணத் தெரியும். அதில் கர்வமும் உண்டு. கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு புற்றில் சரியாக ஆயிரத்தெட்டு எறும்புகள் இருந்தன. இரண்டாகப் பிரித்தாலும், மூன்றாகப் பிரித்தாலும், ஏழாகவோ எட்டாகவோ பிரித்தாலும் ஒருத்திகூட மிஞ்சமாட்டாள். இரை தேடப் போனாலும் மண் சுமந்தாலும் சம சம வரிசைகள்தான். அந்தத் தலைக்கனத்திலேயே திரிந்தார்கள்.

ஒரு மழைநாளில், எங்கோ புற்று இடிந்துபோன எறும்பு ஒருத்தி இலையில் மிதந்து வந்து சேர்ந்தாள்.

"கொஞ்சம் இடம் குடுங்கக்கா."

"உன்னைச் சேர்த்தா எங்க கணக்கு கெட்டுப்போகும்மா. வேற இடம் பாரு" என்று தலைவி கருத்தாயி வாசலை அடைத்துவிட்டாள். பாவம், வந்தவள் பக்கத்துக் கல்லடியில் ஒதுங்கிக்கொண்டாள்.

மறுநாள் எறும்புதின்னி அழுங்கு வந்தது. உடம்பெல்லாம் ஓடு, முழ நீளத்துக்கு நாக்கு, எறும்பைத் தவிர வேறெதுவும் பிடிக்காது. ஆனால் அதற்கு ஒரு விரதம் இருந்தது. முன்னொரு தடவை ஒரு புற்றை ஒரே நாளில் தின்று தீர்த்துவிட்டு, பிறகு பட்டினியில் சாகப் பார்த்தது. அதனால் எந்தப் புற்றையும் ஒரே நாளில் முடிக்காமல் நாள்கணக்கில் சமமாகப் பங்கு போட்டுத்தான் தின்பேன், பங்கு ஆகாததைத் தொடமாட்டேன் என்று மலைத்தெய்வத்திடம் சத்தியம் செய்திருந்தது.

"எத்தனை பேரு?" என்றது அழுங்கு.

"ஆயிரத்தெட்டு!" பழக்கதோஷம், பெருமையாகவே சொல்லிவிட்டாள் கருத்தாயி.

"அட! ஏழு வரிசையா நில்லுங்க. நாளுக்கு நூத்தி நாப்பத்தி நாலு. ஒரு வாரத்துக்குச் சோத்துக் கவலை இல்ல."

ஏழு வரிசையாக நின்றார்கள். அப்போது கல்லடியில் இருந்தவள் மெல்ல வந்து ஏழாவது வரிசையின் கடைசியில் நின்றாள்.

"நீ இந்தப் புத்து இல்லையே. ஓடிப்போ, விட்டுடறேன்."

"இந்தப் புத்துதான்" என்றாள் அவள்.

அழுங்கு மறுபடி எண்ணியது. ஏழு வரிசைக்கு ஒருத்தி மிச்சம். எட்டு வைத்தது, அப்போதும் ஒருத்தி. ஐந்து வைத்தால் நாலு பேர், பதினொன்று வைத்தால் எட்டுப் பேர். விடாமல் முப்பத்தொன்று வரை வைத்துப் பார்த்தது. அதற்கு மேல் போய்ப் பயனில்லை. வரிசையும் ஆளும் இடம் மாறி நிற்குமே தவிர புதிதாக ஒன்றும் அமையாது. ஆயிரத்தொன்பது அப்படிப்பட்ட எண். நிறுத்தினால் ஒரே வரிசை, இல்லாவிட்டால் ஆளுக்கொரு வரிசை.

"நாளுக்கு ஒருத்தியாத் தின்னுங்களேன்" என்றாள் வாய்த்துடுக்கான ஒருத்தி.

"ஒத்தை எறும்புக்கு நாக்கை நீட்டினா என் நாக்குக்குத்தான் அவமானம்" என்று முணுமுணுத்தபடி அழுங்கு மலையேறிப் போய்விட்டது.

கருத்தாயி கடைசியில் நின்றவளிடம் போய்க் கேட்டாள்: "உனக்கு இந்தக் கணக்கு தெரியுமா தாயி?"

"கணக்கெல்லாம் தெரியாதுக்கா. நீங்க சாகப்போறீங்கன்னு தெரிஞ்சுது. தனியாப் பொழைச்சு நான் என்ன செய்ய?"

வாசலை அடைத்த கருத்தாயி, அவள் மீசையோடு தன் மீசையைச் சேர்த்து அழுதாள். அவளுக்குப் பின்னால் மற்ற எல்லோரும் ஒருத்தி பின் ஒருத்தியாக வந்து, மீசை தொட்டு நன்றி சொன்னார்கள். பொழுது சாயும்வரை அந்த வரிசை நகர்ந்தது.

அன்று முதல்தான் எறும்புகள் ஒற்றை வரிசையில் போகின்றன. எதிரே யார் வந்தாலும் ஒரு கணம் நின்று, மீசை தொட்டு நன்றி சொல்லாமல் கடப்பதில்லை.