துபாஷி சேர்த்த சொல்லும் நந்தவனத்து வளைவும்

ஒரு ஊர்ல ஒரு நந்தவனம் இருந்துது. மலர்க்காவூர்னு ஊருக்குப் பேர். அந்த நந்தவனத்துல பூக்கிற பூ எதுவும் மனுஷர் தலைக்குப் போகாது. அத்தனையும் ஊர்க் கோயில்ல இருக்கிற மலர்க்காவுடைய சுவாமிக்கே. நட்டநடுவுல ஒரு கிணறு, கிணத்தைச் சுத்தி முல்லைப் பந்தல், அதுக்கு அப்பால நந்தியாவட்டையும் செவ்வரளியும். அதைப் பாத்துக்கிட்டவ வடிவுடையாள்னு ஒரு ஆச்சி, எழுபது வயசு. விடிகாலையில குளிச்சு, மூச்சுக்காத்து பூவுல படக்கூடாதுன்னு வாயைத் துணியால கட்டிக்கிட்டு மாலை தொடுப்பா. அந்நேரம் யாரு எது கேட்டாலும் அவகிட்டேருந்து வர்ற பதில் ஒண்ணே ஒண்ணுதான்.

"ம்?"

அதேதான் மங்கை, நீ இப்போ படுத்துக்கிட்டே கொட்டினியே, அதே "ம்"!

அப்போ வெள்ளைக்காரத் துரைகள் நாட்டை ஆண்ட காலம். துரை பேசறது ஊருக்குப் புரியாது, ஊர் பேசறது துரைக்குப் புரியாது. நடுவுல நின்னு ரெண்டையும் மாத்திச் சொல்றவர் துபாஷி. அவர் பேர் திருமலைக்கொழுந்து. தலையில தலைப்பாகை, காதுல கடுக்கன், நாக்குல இங்கிலீஷ்.

இங்கிலீஷ்ல இடத்தைச் சொல்றதுக்குன்னு குட்டிக் குட்டிச் சொல் இருக்கு. 'பிஹைண்ட்'ன்னா பின்னால. அதுக்கு முன்னாடி இன்னொரு குட்டிச் சொல்லைச் சேர்த்தா அளவும் வந்துடும். 'ஃபார் பிஹைண்ட்'ன்னா எட்டத்துல பின்னால. 'ஜஸ்ட் பிஹைண்ட்'ன்னா ஒட்டினாப்போல பின்னால. 'ரைட் பிஹைண்ட்'ன்னா முதுகுக்கு நேர் பின்னால. துபாஷி அந்த அளவையெல்லாம் பாக்க மாட்டார். அவர் நினைப்பு வேற. 'சுவாமி பேரை மொட்டையாச் சொல்றோமா? முன்னாடி ஒரு திரு சேர்க்கிறோம் இல்லியா? துரைகிட்ட மட்டும் மொட்டையா பின்னாலன்னு எப்படிச் சொல்றது?' அதனால எந்த இடத்தைச் சொன்னாலும் ஒரு 'ரைட்'டோ ஒரு 'ஸ்ட்ரெயிட்'டோ மரியாதைக்குச் சேர்த்துடுவார். துரையோ, சொன்ன சொல்லை நூல் பிடிச்சாப்போல நடத்தற மனுஷர்.

"ம்."

அப்புறம், ஒருநாள் துரை ஊருக்கு வந்தார். கூடாரம் எங்கே போடறதுன்னு கேட்டார். ஊர்க்காரங்க, "கோயிலுக்கு எதிர்ல மாந்தோப்பு இருக்கே, அங்கே போடச் சொல்லுங்க"ன்னாங்க. கோயிலுக்கு எதிர்ல. அவ்வளவுதான் சொன்னாங்க. துபாஷி கையைக் கட்டிக்கிட்டு, "ரைட் இன் ஃபிரண்ட் ஆஃப் தி டெம்பிள், சார்"னார். துரை கோயில் வாசப்படியில நின்னு, மூக்குக்கு நேரா விரலை நீட்டினார். டக்! டக்! டக்! வாசலை அடைச்சாப்போல முளை அடிச்சு எழும்பிடுச்சு கூடாரம். அன்னைக்குச் சாயங்காலம் சுவாமி ஒருக்களிச்சுத்தான் வீதிக்குப் புறப்பட்டார். எத்தனையோ யுகம் பொறுத்தவருக்கு ஒரு கூடாரம் பெரிசா?

அப்புறம் ரெண்டாம் நாள். பக்கத்து ஊருக்கு வழி கேட்டார் துரை. "ஆத்தைத் தாண்டிப் போகணும்"னாங்க ஊர்க்காரங்க. தாண்டற துறை மேற்கே இருக்கு, ஆழமில்லாத இடம். துபாஷி சொன்னார்: "ஸ்ட்ரெயிட் அக்ராஸ் தி ரிவர், சார்." ஆத்துக்கு நேர் குறுக்கேன்னு அர்த்தம். துரை குதிரையைத் தட்டினார். டக்குடக்கு, டக்குடக்கு... தொபுக்கடீர்! குதிரை ஒரு கரையில ஏறிச்சு, துரை ஒரு கரையில ஏறினார், தொப்பி கடலைப் பாக்கப் போயிடுச்சு.

"ஐயய்யோ!"

அட, முழிச்சுத்தான் இருக்கியா?

அப்புறம் மூணாம் நாள். சந்தைக்கு ரோடு போடணும்னார் துரை. சந்தைக்கும் ஊருக்கும் நடுவுல நந்தவனம். வடிவுடையாள் ஆச்சியே பெரிய மனசு பண்ணி, "கிழக்கு வேலியோரமா ஒரு வண்டி போற அகலம் எடுத்துக்கட்டும். நம்ம ஜனம்தானே நடக்கப்போகுது"ன்னுட்டா. ஊர்க்காரங்க துபாஷிகிட்ட, "நந்தவனத்து வழியா, வேலியோரமா ரோடு போகலாம்னு சொல்லுங்க"ன்னாங்க. துபாஷிக்கு அன்னைக்குப் புதுச் சட்டை வேற. "ரைட் த்ரூ தி கார்டன், சார்!"னார். நந்தவனத்துக்கு நட்டநடுவுல புகுந்துன்னு அர்த்தம்.

துரை வரைபடத்தை விரிச்சார், சிவப்பு மையைத் தொட்டார். சர்ர்ர்னு ஒரே கோடு! பந்தல் நடுவுல, கிணத்து நடுவுல, நந்தவனத்தோட நெஞ்சு நடுவுல. நாளைக் காலையில கடப்பாரையோட ஆள் வருதுன்னுட்டார்.

ஆச்சி துபாஷி வீட்டுக்கே போயிட்டா. "தம்பி, நாளைக்குச் சுவாமிக்கு எதைச் சாத்துவேன்? உன் தலைப்பாகையையா?"

"என்ன ஆச்சி, இப்படிக் கேக்கறீங்க?"

"வேலியோரம்னு நான் சொன்னதுக்கு அந்தப் பாஷையில சொல்லே கிடையாதா?"

"இருக்கு."

"அப்போ போய்த் திருத்திச் சொல்லு."

"திருத்தறதா! நேத்துச் சொன்னது தப்புன்னு ஆகும், முந்தாநாள் சொன்னதும் தப்புன்னு ஆகும். எங்க தாத்தா காலத்துலேருந்து நாங்க துபாஷி, ஆச்சி."

"சரி, திருத்த வேண்டாம். அந்த 'ரைட்'டையாவது விடுவியா?"

துபாஷி காதைப் பொத்திக்கிட்டார். "துரைகிட்ட மொட்டையாப் பேசச் சொல்றீங்களே!"

இந்த மனுஷன்கிட்டேருந்து அந்தச் சொல்லைப் பிடுங்க முடியாதுன்னு ஆச்சிக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்போ அவளுக்கு ஒண்ணு தோணிச்சு. சொல்லை மாத்த முடியலேன்னா, சொல்றவரை இடம் மாத்தலாமே!

"தம்பி, நீ எத்தனை ரைட் வேணும்னாலும் போட்டுக்க. நாளைக்கு நான் நிறுத்தற இடத்துல நின்னு, நீ நிக்கிற இடத்தை மட்டும் சொல்லு. போதும்."

மறுநாள் காலையில துபாஷியைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய், கிழக்கு வேலியில முதுகு உரசற மாதிரி நிறுத்தினா. முள்ளு வேலி. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அசைய முடியாது. துரை வந்தார், கடப்பாரை வந்துது. கணீர், கணீர்!

"ரோடு எங்கே?"ன்னார் துரை.

துபாஷிக்கு வேர்த்துக் கொட்டிச்சு. ஆச்சியைப் பாத்தார், முள்ளைப் பாத்தார். "ரைட் ஹியர், சார்! ரைட் அலாங் தி ஃபென்ஸ், சார்!"னார். இதோ இங்கேயேதான், வேலியை ஒட்டியேதான்னு அர்த்தம். வாழ்க்கையில முதல் தடவையா அந்த 'ரைட்' இருக்கவேண்டிய இடத்துல இருந்துது.

நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணான்னு துரை கேட்டா என்ன ஆகும்?

துரை வரைபடத்தைப் பாத்தார், துபாஷியைப் பாத்தார். யோசிச்சார். 'எதிர்லன்னான், வாசப்படிக்கு நேர் எதிர்லயே கூடாரம் அமைஞ்சுது. தாண்டின்னான், நனைஞ்சாலும் நேரா அந்தக் கரைக்கே போய்ச் சேர்ந்தேன். இந்த நாட்டுல அளவாப் பேசற ஒரே மனுஷன் இவன்தான். கோடு போட்டதுல நான்தான் தப்புப் பண்ணியிருக்கணும்.' உடனே சிவப்புக் கோட்டை அடிச்சுட்டு, வேலியோரமா ஒரு வளைவு போட்டார்.

கடப்பாரை நகர்ந்துது. பந்தல்ல ஒரு முல்லை உதிரலை. துல்லியமாப் பேசறவர்னு துபாஷிக்குத் துரை ஒரு சால்வை போத்தினார். ஊரே கை தட்டிச்சு, ஆச்சியும் தட்டினா. அவளுக்கு யாரும் ஒண்ணும் போத்தலை. அவ கேக்கவும் இல்லை. உச்சிக்காலப் பூஜைக்கு நேரமாகுதேன்னு வாயைக் கட்டிக்கிட்டு மாலை தொடுக்க உக்காந்துட்டா.

"ம்..."

அப்புறம் சந்தைக்குப் போற வண்டிக்காரன் ஒவ்வொருத்தனும் அந்த இடத்துல மாட்டை இழுத்துப் பிடிச்சு, "நேராப் போட்டிருக்கலாமே, எந்தப் புத்திசாலி இங்கே கொண்டுவந்து வளைச்சான்?"னு திட்டுவான். வேலிக்கு அந்தப் பக்கம் ஆச்சி முல்லை பறிச்சுக்கிட்டே சிரிப்பா. மாடும் திரும்பும், வண்டியும் திரும்பும்.

கதையும் திரும்பி வீடு போய்ச் சேர்ந்துது. நீயும் அந்தப் பக்கமாத் திரும்பிப் படு, தூங்கு.