ஒன்பது விரல் தண்ணீர்

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள், ஒரு ராஜாவுக்குத் தண்ணீரை அளக்கும் பைத்தியம் பிடித்தது. அரண்மனைத் தோட்டத்தில் நேராக ஒரு வாய்க்கால் வெட்டி, ஏழு முளை அடித்து, மதகைத் திறந்தார். முளைக்கு ஓர் ஆள் நின்று, எத்தனை விரல் உயரம் தண்ணீர் ஓடுகிறது என்று ஓலையில் எழுதினான். ராஜாவோ நாலாம் முளைக்கு எதிரே, கரையிலேயே விரிப்புப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சபையின் விகடகவி வடுகநாதன். ஊரையே சிரிக்க வைப்பான். அவன் மனசு மட்டும் வீட்டில் கிடந்தது. மகள் பிறந்து எட்டு மாதம், இன்னும் முகம் பார்க்கவில்லை. விடுப்புக் கேட்டால், நீ போனால் என்னை யார் சிரிக்க வைப்பது என்று ராஜா தட்டிக் கழிப்பார். பாவம், அவனுக்குச் சோறு இறங்குவதே இல்லை.

மறுநாள் நாலாம் முளை ஓலையைக் காணோம். ஆடு தின்றுவிட்டதாம், எழுதியவனுக்கும் நினைவில்லையாம். அந்த அளவைச் சொல்பவர் கேட்டதைப் பெறலாம் என்றார் ராஜா. வடுகநாதன் வாய் திறப்பதற்குள், அவனைக் கண்டாலே ஆகாத மந்திரி மழவராயர் முந்திக்கொண்டார். மற்ற முளைகளில் நாலு விரல்தான். மன்னர் எதிரில் மட்டும் தண்ணீர் மரியாதையாக ஒன்பது விரல் நிமிர்ந்து ஓடியது என்று கதை விட்டார். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. பரிசாக வடுகநாதனைத் தம் மாட்டுத் தொழுவத்துக்கு ஆயுள் முழுக்க வேலையாளாகக் கேட்டார் மழவராயர்.

வடுகநாதனுக்கு மகள் நினைவுதான் வந்தது. இனி மகளை எங்கே பார்ப்பது? ஓடிப்போய் ஒரு துண்டோடு வந்து, ராஜாவின் காலை அழுத்தி அழுத்தித் துடைத்தான்.

"என்ன செய்கிறாய்?"

"கரை ஆறு விரல் உயரந்தான், பிரபு. ஒன்பது விரல் ஓடியிருந்தால் நேற்று தங்கள் காலெல்லாம் நனைந்திருக்குமே. அதுதான் துடைக்கிறேன்."

ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. மழவராயர் முகம் சுண்டிப் போயிற்று.

மூன்றாம் முளையிலும் நாலு, ஐந்தாம் முளையிலும் நாலு. நடுவே கிளையும் இல்லை, அகலமும் மாறவில்லை. அப்படியானால் அங்கேயும் நாலுதான் என்றான் வடுகநாதன். மதகை முன்போலவே திறந்து பார்த்தார்கள். இம்மி பிசகவில்லை.

மகளைப் பார்க்க விடை கேட்டான்.

ராஜா லேசில் விடுவாரா? "ஓடிப்போன தண்ணீரையே கணித்தாயே. மகள் எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று இங்கிருந்தே கணித்துக்கொள்."

"தண்ணீருக்கு இரண்டு பக்கமும் அளவு இருந்தது, பிரபு. மகளைப் பற்றி, பிறந்த அன்று ஒரு முழம் என்று வந்த சேதி ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. அடுத்த அளவை நான் போய்த் தூக்கினால்தான் தெரியும்."

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.  ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி, இது பிள்ளைக்கு என்று கொடுத்து, தம் குதிரையையே வரவழைத்தார். வடுகநாதன் வணங்கக்கூட மறந்து ஏறிப் பறந்தான். அதைப் பார்த்துத்தான் ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார்.